என் நெஞ்சுச் சத்தம் தொடர்பாக அக்காவுக்கு ஒரு விளக்கம்

கீரி,
மன்னார்.
03.09.2018

அன்பும் மதிப்பும் நிறைந்த மதலேனா அக்கா அவர்கட்கு,

தம்பி அமிர்தநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவி மாக்கிறட்டும், காலையில் இரண்டு குளிசையும் மாலையில் மூன்று குளிசையுமாக, ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம். மட்டக்களப்பில் தாங்களும் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் குளிசை எதுவுமின்றிச் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

நிற்க. கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று தாங்கள் யோசிப்பீர்கள். போனில் நான் "அக்கா" என்று தொடங்க, தாங்கள் "நீ வாயை மூடு" என்று தொடங்குகிறீர்கள். அதன் பிறகு நான் சொல்வது ஒன்றும் தங்கள் காதில் ஏறுவதில்லை. கடிதத்தை யாரும் இடையில் மறிக்க முடியாது. ஆகையால் தயவுசெய்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கதிரையில் இருந்து, கடைசிவரை வாசிக்கவும்.

மூன்று வருடமாகத் தாங்கள் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான். என் நெஞ்சு வால்வுக்குப் பலூன் போட டொக்டர்மார் திகதி தந்தும் நான் ஏன் போகவில்லை? இதுவரை நான் சொன்ன காரணங்கள், அதாவது மடுத் திருவிழா, கூரை ஓடு மாற்றியது, மாக்கிறட்டின் தங்கையின் மகளின் கலியாணம், எல்லாம் உண்மையாக நடந்தவை. ஆனால் காரணம் அவை அல்ல. உண்மைக் காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கந்தான், என்றாலும் எழுதுகிறேன்.

ஐஸ் பக்டரியில் இருபத்தாறு வருடம் மெசின் பார்த்த நான், படியேற மூச்சு வாங்கத் தொடங்கி, ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டு வீட்டில் குந்தியது தங்களுக்குத் தெரியும். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஆம்பிளைக்கு என்ன மரியாதை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாக்கிறட் விளக்குமாத்தோடு வந்து "காலைத் தூக்குங்கோப்பா" என்பாள். தூக்குவேன். கூட்டி முடித்துப் போய்விடுவாள், காலை இறக்கச் சொல்ல மறந்துவிடுவாள். அப்படி ஒரு நாள் அரை மணித்தியாலம் காலைத் தூக்கிக்கொண்டு இருந்தனான் அக்கா, பகிடி இல்லை. அந்தக் காலத்திலைதான் மன்னார் கிளினிக்கிலை இருந்து என்னை யாழ்ப்பாணத்துக்கு ஸ்கான் எடுக்க அனுப்பினவை. அங்கை ஒரு இளம் டொக்டர் குழாயை என்ரை நெஞ்சிலை வைச்சார், வைச்ச இடத்திலேயே நிண்டார், முகம் மலர்ந்து போச்சு. "ஐயா, கொஞ்சம் இருங்கோ, எழும்பிப் போயிடாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டு ஓடிப்போய், மருத்துவம் படிக்கிற பிள்ளையள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நற்கருணை வாங்க நிக்கிற மாதிரி வரிசையா நிண்டு ஒவ்வொருத்தரா என்ரை நெஞ்சைக் கேட்டினம். அதிலை ஒரு பெடியன் "ஆகா!" எண்டான். அக்கா, என்னைப் பாத்து ஒரு மனிசர் ஆகா எண்டு சொல்லி எத்தினை வருசம்!

சின்ன வயசிலை எனக்குத் தொண்டை நொந்து, பிறகு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததும், நீங்கள் என்னை முதுகிலை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்ததும் ஞாபகம் இருக்கும். அந்தக் காய்ச்சல்தான் போற போக்கிலை வால்வைச் சுருக்கிப்போட்டுப் போயிருக்கு. சுருங்கின வாசலாலை ரத்தம் இடிபட்டுப் போகேக்கை ஒரு சத்தம் வருமாம். டொக்டர் குழாயை என்ரை காதிலையும் வைச்சுக் கேக்க விட்டவர். எங்கடை பக்டரியிலை ஒரு பழைய கொம்பிரசர் இருந்தது, நிப்பாட்டினாப் பிறகும் உள்ளுக்குள்ளை உறுமிக்கொண்டு கிடக்கும். அசல் அந்த உறுமல். இப்பிடித் தெளிவா இந்தக் காலத்திலை கேக்கிறதே அருமையாம். நோய் குறைஞ்சு வருகுதாம், பிள்ளையள் புத்தகத்திலை மட்டும் படிக்கினமாம்.

பிறகு அவர் கேட்டார், கடைசி வருசச் சோதினைக்கு நோயாளியா வருவீங்களோ எண்டு. அந்தச் சோதினை தாளிலை எழுதுறது இல்லை. நோயாளி கட்டிலிலை படுத்திருப்பார், ரெண்டு பரீட்சகர் பக்கத்திலை நிப்பினம், பிள்ளை ஆறு நிமிசத்துக்குள்ளை தொட்டு, தட்டி, கேட்டு, வருத்தம் என்னெண்டு சொல்லவேணும். மணி அடிச்சால் அடுத்த கட்டிலுக்கு ஓடவேணும். நோயாளிக்கு ஒரே ஒரு கட்டளை. கேட்டதைச் செய்யலாம், தானா ஒண்டும் சொல்லக்கூடாது, காட்டக்கூடாது. நான் உடனே ஓம் எண்டிட்டன். முதல் சோதினைக்குப் புதுச் சேட்டுத் தைச்சுப் போட்டுக்கொண்டு போனன். போன உடனை கழட்டச் சொல்லிப்போட்டினம். எண்டாலும் பரவாயில்லை. கட்டிலுக்கு மேலை ஐந்து எண்டு இலக்கம். பேராசிரியர்மார் எல்லாரும் "குட் மோனிங் மிஸ்டர் அமிர்தநாயகம்" எண்டினம். மதியம் சோறு, மீன் குழம்பு, வாழைப்பழம். திரும்பி வாற பஸ்ஸிலை நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு இருந்தனான்.

ஆனால் பிள்ளையளைப் பாக்கப் பாவம் அக்கா. ஐஞ்சு வருசம் படிச்ச படிப்பு முழுக்க ஆறு நிமிசத்திலை தொண்டைக்குள்ளை சிக்கி நிக்கும். என்ரை சத்தம் நேராப் படுத்தால் சரியாக் கேக்காது, இடப்பக்கம் சரிஞ்சு படுத்தால்தான் கேக்கும். "இடப்பக்கம் திரும்பிப் படுங்கோ ஐயா" எண்டு சொல்லுற பிள்ளை பாஸ். சொல்ல மறக்கிற பிள்ளை முழிச்சுக்கொண்டு நிக்கும். என்னாலை பொறுக்கேலாது. முதல் வருசம் ஒரு பெடியன் வியர்த்து ஒழுகிறதைப் பாத்திட்டு, நான் தற்செயலாச் சரியிற மாதிரி மெல்ல இடப்பக்கம் சரிஞ்சிட்டன். கண்ணாடி போட்ட பேராசிரியர் அம்மா குனிஞ்சு என்ரை காதுக்குள்ளை, "மிஸ்டர் அமிர்தநாயகம், சோதினை உங்களுக்கோ அவருக்கோ?" எண்டா. நேராப் படுத்தன். மூண்டு வருசத்திலை ஐம்பத்து நாலு பிள்ளையள் என்ரை நெஞ்சைக் கேட்டு வெளியிலை போயிருக்கினம். அதுகள் இப்ப எங்கெங்கையோ டொக்டர்மார். தெருவிலை அம்புலன்ஸ் போனால், உள்ளுக்கு என்ரை ஆள் ஆரும் இருப்பினமோ எண்டு எட்டிப் பாப்பன்.

இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும். பலூன் போட்டால் வால்வு விரியும். விரிஞ்சால் உறுமல் குறையும். உறுமல் போச்செண்டால் ஐந்தாம் கட்டிலிலை எனக்கு என்ன வேலை? பிறகு நான் திரும்பவும் காலைத் தூக்கிக்கொண்டு இருக்கிற ஆள்தானே. இதுதான் அக்கா காரணம். ஏசுறதெண்டால் இந்த இடத்திலை நிப்பாட்டி ஏசிப்போட்டு, பிறகு மிச்சத்தை வாசியுங்கோ.

இந்த முறை சோதினை ஆடி மாதம். ஒரு கிழமையா எனக்கு உடம்பு சரியில்லை. நெஞ்சுக்குள்ளை இடைக்கிடை மீன் துள்ளுற மாதிரி ஒரு துடிப்பு, பிறகு அடங்கியிடும். மாக்கிறட்டுக்குச் சொல்லேல்லை, சொன்னால் போக விடமாட்டாள். விடியக்காலமை பஸ் ஏறி, அடம்பன் சந்தியிலை ஆக்கள் ஏற ஒரு கிழவிக்கு இருக்கையைக் குடுத்திட்டு நிண்டன். யாழ்ப்பாணம் வரேக்கை மூச்சு வாங்குது. ஆனாலும் காலை இழுத்துக்கொண்டு போய்ப் படுத்திட்டன். ஏழரைக்குப் பரீட்சகர்மார் வந்து எல்லா நோயாளியையும் முதலிலை தாங்கள் பாத்துக் குறிச்சுக்கொள்ளுறது வழக்கம். என்ரை நாடியைப் பிடிச்சு, ஒழுங்கா அடிக்குது எண்டு தாளிலை எழுதினவை. அந்த நேரம் அது ஒழுங்காத்தான் அடிச்சது, அவையிலை ஒரு பிழையும் இல்லை. ஒன்பது மணிக்குப் பிறகுதான் மீன் திரும்பத் துள்ளத் தொடங்கினது. நான் வாயைத் திறக்கேல்லை. தானா ஒண்டும் சொல்லக்கூடாதெல்லோ, கட்டளை!

முதல் வந்த மூண்டு பிள்ளையளும் நல்ல கெட்டிக்காரர். துள்ளல் வர முந்தியே என்னை இடப்பக்கம் சரிச்சு, சத்தத்தைக் கேட்டு, சொல்லிப்போட்டுப் போயிட்டினம். நாலாவதா ஒரு பிள்ளை வந்தது. முக்காடு போட்ட மெலிஞ்ச பிள்ளை. வரேக்கையே கதிரையிலை காலை இடிச்சுக்கொண்டு, குழாயைக் கீழை போட்டு, எடுக்கக் குனிஞ்சு கட்டில் சட்டத்திலை நெத்தியையும் இடிச்சுக்கொண்டுது. பேராசிரியர் அம்மா கண்ணை மூடித் திறந்தா. கொழும்பிலை இருந்து வந்த மற்றப் பரீட்சகர், நல்ல உயரமான சிங்களப் பெரியவர், மணிக்கூட்டைப் பாத்தார். பிள்ளை எனக்குக் கிட்ட வந்து, ரெண்டு கையையும் தேய்ச்சுச் சூடாக்கிப்போட்டு, "ஐயா, என்ரை பேர் றாபியா. உங்களைத் தொட்டுப் பாக்கலாமோ?" எண்டு கேட்டுது. அந்தப் பதட்டத்திலையும் கேட்டுது பாருங்கோ.

மற்றப் பிள்ளையள் நாடியைப் பத்துச் செக்கன் பிடிச்சிட்டு நெஞ்சுக்குத் தாவிவிடுங்கள், அங்கைதானே புள்ளி. இந்தப் பிள்ளை மணிக்கட்டைப் பிடிச்சது, பிடிச்சபடியே நிக்குது. அரை நிமிசம் போச்சு. ஒரு நிமிசம் போச்சு. "மேலை போங்கோ" எண்டா பேராசிரியர் அம்மா. பிள்ளை கையை விடாமல், நாடி ஒழுங்கில்லை எண்டு இங்கிலீசிலை சொல்லிச்சு. மூண்டு வருசம் படுத்ததிலை எனக்கும் கொஞ்சம் விளங்கும். அம்மா கையிலிருந்த தாளைப் பாத்தா. "நிச்சயமோ?" எண்டா.

அக்கா, என்ரை மனம் பதறிப் போச்சு. தாளிலை ஒழுங்கு எண்டு கிடக்கு, பிள்ளை ஒழுங்கில்லை எண்டுது, ஐஞ்சு வருசப் படிப்பு போகப் போகுது. காப்பாத்தவேணும். வாயாலை சொல்லேலாது. அதனாலை நான் பிள்ளையைப் பாத்து, ஒழுங்குதான், ஒழுங்கெண்டு சொல்லு எண்டு அர்த்தம் வரத் தலையை ஆட்டினன். விளங்கேல்லைப் போலை எண்டு இன்னும் கொஞ்சம் பலமா ஆட்டினன். உயரமான பெரியவர் பாத்திட்டார். "தலை ஆடுதே, கவனிச்சனீங்களோ?" எண்டு கேட்டார். தலை ஆடுறது இன்னொரு வால்வு வருத்தத்தின்ரை அறிகுறியாம், எனக்கு எங்கை தெரியும்! பிள்ளை திரும்பி என்னைப் பாத்துது. பாத்திட்டு, "இல்லை சேர். ஐயா எனக்கு உதவி செய்யப் பாக்கிறார்" எண்டுது.

நான் செத்துப்போனன். பிள்ளை என்ரை பக்கம் குனிஞ்சு, தமிழிலை, "ஐயா, கொஞ்சம் ஆடாமல் இருங்கோ, திரும்ப ஒருக்கா எண்ணவேணும்" எண்டு சொல்லி, இந்த முறை ஒரு கையாலை நாடியும் மற்றக் கையாலை நெஞ்சிலை குழாயும் வைச்சு எண்ணிச்சு. கண்ணிலை தண்ணி நிறைஞ்சு நிக்குது, விழேல்லை. நிமிந்து, "நிச்சயம் மெடம். நாடி ஒழுங்கில்லை. இதயம் அடிக்கிற எல்லா அடியும் கைக்கு வந்து சேரேல்லை. தயவுசெய்து ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ" எண்டுது. பரீட்சகரைப் பாத்து நீங்கள் ஒருக்காப் பாருங்கோ எண்டு சொன்ன பிள்ளையை அண்டைக்குத்தான் கண்டன்.

பேராசிரியர் அம்மா வந்து வலக்கையைப் பிடிச்சா. முகம் மாறிச்சு. உயரமான பெரியவர் வந்து இடக்கையைப் பிடிச்சார். ரெண்டு பேரும் ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பாக்கினம், நான் நடுவிலை கிடக்கிறன். அதுக்குள்ளை மணி அடிச்சுப் போட்டுது. பிள்ளை என்ரை சத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லி முடிக்கேல்லை. இடப்பக்கம் திருப்பவும் இல்லை. அப்பிடியே வெளியிலை போயிட்டுது, தோள் ரெண்டும் விழுந்தபடி.

பிறகு ஒரே ஓட்டந்தான். கட்டிலைச் சுத்தித் திரை, ஈசிஜி மெசின், ஊசி, எழும்பக்கூடாது எண்டு கட்டளை. சோதினைக்கு வேறை நோயாளியைப் போட்டினம். பின்னேரம் பேராசிரியர் அம்மா தானே வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்து சொன்னா. இதயத்தின்ரை மேலறை ஒழுங்கா அடிக்காமல் வெறுமனே நடுங்கினால், ரத்தம் தேங்கி உறைஞ்சு, ஒரு கட்டி புறப்பட்டு மூளைக்குப் போகலாமாம். போனால் ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சும் போகலாம், ஆளும் போகலாம். "எத்தினை நாளா இந்தத் துடிப்பு?" எண்டு கேட்டா. ஒரு கிழமை எண்டன். "ஏன் காலமை சொல்லேல்லை?" எண்டா. சொல்லக்கூடாது எண்டு கட்டளை எண்டன். அவ கண்ணாடியைக் கழட்டிக் கனநேரம் துடைச்சா. துடைக்க அதிலை ஒண்டும் இருக்கேல்லை.

மூண்டாம் நாள் அந்தப் பிள்ளை வாட்டுக்கு வந்துது. கண் ரெண்டும் வீங்கிக் கிடந்தது. எல்லாச் சோதினையும் முடிஞ்சுதாம், என்னட்டைத்தான் பெயில் எண்டு மூண்டு நாளா அழுதிருக்கு. பரீட்சகர் ரெண்டு பேரும் பேசாமல் நிண்டதைத் தன்னிலை கோவம் எண்டு நினைச்சிருக்கு. "நான் பிழையோ சரியோ எண்டு மட்டும் அறிஞ்சிட்டுப் போகத்தான் வந்தனான் ஐயா" எண்டுது. மாக்கிறட் அப்ப பக்கத்திலை இருந்தவள். எழும்பி, கட்டில் தலைமாட்டிலை தொங்கின, நாடி ஒழுங்கில்லை எண்டு எழுதின தாளைக் கழட்டிப் பிள்ளையின்ரை கையிலை குடுத்தாள். பிள்ளை வாசிச்சுது. திரும்ப வாசிச்சுது. பிறகு அந்த ஸ்டூலிலை இருந்து சிரிச்சுக்கொண்டு அழுதுது. மாக்கிறட்டும் அழுதாள். அழுகிற ரெண்டு பேருக்கும் நடுவிலை நான், எழும்பக்கூடாது எண்டு கட்டளை, என்ன செய்யிறது, மேலை காத்தாடியைப் பாத்துக்கொண்டு கிடந்தன்.

பிள்ளைக்கு முசலிப் பக்கம் சொந்த ஊர். ஆனால் தொண்ணூறிலை அந்தச் சனத்தை ஊரை விட்டு விரட்டினதாலை, பிறந்தது புத்தளத்திலை, அகதிக் கொட்டிலிலையாம். பதினைஞ்சு வயசிலைதான் குடும்பம் திரும்பி வந்து பத்தைக் காட்டை வெட்டி வீடு கட்டியிருக்கு. "பக்கத்து ஊர்ப் பிள்ளையெண்டு தெரியாமல் போச்சே, தெரிஞ்சிருந்தால் இன்னும் பலமா ஆட்டியிருப்பன்" எண்டன். சிரிச்சுது. பிறகு மெல்லக் கேட்டுது, "ஐயா, பலூனுக்கு மூண்டு தரம் திகதி தந்திருக்கு எண்டு தாளிலை கிடக்கு. ஏன் வரேல்லை?" எண்டு. மடுத் திருவிழா எண்டு தொடங்கினன். பிள்ளை மணிக்கட்டைப் பிடிச்சபடி என்னையே பாத்துக்கொண்டிருந்துது. எனக்குப் பொய் வரேல்லை. உங்களுக்கு மேலை எழுதினதை அப்பிடியே சொன்னன், மாக்கிறட்டுக்கு முன்னாலேயே. சத்தம் போச்செண்டால் என்னை ஆர் தேடுவினம் எண்டன்.

பிள்ளை யோசிச்சுப்போட்டு, மாக்கிறட்டைக் காட்டி, "சோதினைக்கு வேறை ஆளை எடுப்பினம் ஐயா. அம்மாவுக்கு ஆரை எடுக்கிறது?" எண்டுது.

மாக்கிறட் சோத்துப் பெட்டியைத் திறந்து, மீனிலை முள் எடுத்து எடுத்து எனக்கு ஊட்டினாள். கலியாணம் செய்து முப்பத்தொரு வருசத்திலை ஊட்டினது அதுதான் முதல் தரம் அக்கா. அண்டைக்குப் பின்னேரம் சம்மதத்தாளிலை கையெழுத்து வைச்சன்.

போன கிழமை பிள்ளை போன் எடுத்துது. பாஸ்! தகப்பன் போனைப் பறிச்சு, சொந்த அண்ணனைக் கூப்பிடுற மாதிரி, "காக்கா, உங்கடை நாடிக்கு அல்லா நீண்ட ஆயுசைக் குடுக்கட்டும்" எண்டார். நான் அவருக்கு, "என்ரை நாடி பிழைச்சதாலைதான் உங்கடை மகள் பாஸ்" எண்டன். பிள்ளை பின்னாலை இருந்து, "இல்லை ஐயா, நான் பிடிச்சதாலைதான் உங்கடை நாடி பிழைச்சுது, ரெண்டு பிழைப்பும் வேறை!" எண்டு கத்திச்சுது. உயிர் பிழைச்சதைச் சொல்லுது. கெட்டிக்காரி.

ஆகவே அக்கா, இம்மாதம் 26ஆம் திகதி எனக்குப் பலூன் வைக்க நாள் குறிக்கப்பட்டுள்ளது. தொடை நரம்பால் விடுவார்களாம், நெஞ்சை வெட்டுவதில்லை. இரத்தம் உறையாதிருக்கக் குளிசை ஒழுங்காக எடுத்து வருகிறேன். எனக்குப் பயம் சிறிதும் இல்லை. தாங்கள் இந்த வயதில் மட்டக்களப்பிலிருந்து அலைந்து வரவேண்டியதில்லை. அங்கிருந்தே ஒரு செபமாலை சொன்னால் போதும். சோதினைக் கட்டிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இருந்த உறவும் இத்தோடு முடிவுற்றது. "படுக்கிறதுக்கு ஒரு மனிசன் யாழ்ப்பாணம் போறதோ" என்று மூன்று வருடமாக ஏசிய மாக்கிறட்டுக்கு இனி நிம்மதி.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு முத்தங்கள். ஆண்டவர் தங்கள் முழங்காலுக்கும் கண்ணுக்கும் பலம் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள (இந்தத் தடவை உண்மையாகவே) தம்பி,
ச. அமிர்தநாயகம்

பி.கு.: மச்சாள், இது மாக்கிறட் எழுதுறன். தபாலிலை போடச் சொல்லித் தந்தவர், நான் உடைச்சு வாசிச்சிட்டன். பயம் சிறிதும் இல்லையாம்! பையை நாலு தரம் அடுக்கிக் கலைச்சிட்டார். கையெழுத்து வைக்கேக்கை பேனையை அழுத்தி முதல் தாளைக் கிழிச்சுப்போட்டு ரெண்டாம் தாள் வாங்கினவர். உங்களை வரவேண்டாம் எண்டு எழுதிப்போட்டு, மட்டக்களப்பு பஸ் எத்தினை மணிக்கு வந்து சேரும் எண்டு என்னைத் தினமும் கேக்கிறார். நீங்கள் கட்டாயம் வாங்கோ, 24ஆம் திகதியே வந்திடுங்கோ. இன்னொண்டு, இதை அவருக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ, பலூன் முடியட்டும். நான் வாட்டிலை அவருக்குச் சோறு குடுத்துக்கொண்டு தண்ணி குடிக்கேக்கை பேராசிரியர் அம்மா என்ரை கழுத்தைப் பாத்திட்டா. என்ரை கழுத்திலை ஒரு கட்டி இருக்காம், நான் விழுங்கேக்கை மேலை போய்க் கீழை வருகுதாம். ரத்தமெல்லாம் சோதிச்சுப் பாத்தவை, பயப்பிட ஒண்டுமில்லை, குளிசை தந்திருக்கினம். ஆனால் பாக்க நல்ல வடிவான கட்டியாம், பிள்ளையள் படிக்க இப்பிடி ஒண்டு கிடைக்காதாம். அடுத்த சோதினைக்கு ஆறாம் கட்டில் எனக்கு. நான் ஓம் எண்டிட்டன். கழுத்து நல்லாத் தெரியிற மாதிரி ரெண்டு சட்டை தைக்கக் குடுத்திருக்கிறன்.